பின்தங்கிய மாவட்டம்

புரட்டாதி மாதம் பாதி போயும் தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோளகக் காற்று ஓயவில்லை. கிளிநொச்சியின் மூன்றாம் வாய்க்கால் குடியேற்றத்தில் வயல்கள் உழுது கிடந்தன. உழுத மண் காய்ந்து மாவாகியிருந்தது. காற்று எழும்போதெல்லாம் அது வீடுகளுக்குள் வந்து சோற்றுப் பானை மூடியிலும் யன்னல் சீலையிலும் பாடப் புத்தகங்களிலும் ஒரே நிறமாகப் படிந்தது. மழைக்கு முன் இந்தப் புழுதிக்குள்ளேயே நெல்லை விதைத்துவிட வேண்டும். முதல் மழையோடு முளைத்தால்தான் மாரி வெள்ளம் வருவதற்குள் பயிர் நிமிர்ந்து நிற்கும். பிந்தி விதைத்தவன் அந்தப் போகம் முழுக்கப் பிந்தியே ஓடவேண்டியிருக்கும்.

குகதாசன் விதைநெல் மூட்டையை அவிழ்த்து, கையில் கொஞ்சம் அள்ளி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாய்க்கால் றோட்டில் புழுதி எழுந்தது. அந்த றோட்டில் கார் வந்தால் முதலில் புழுதிதான் தெரியும். பிறகுதான் கார்.

"உங்கட அக்கா வாறா," என்றாள் அருந்ததி, குசினி வாசலில் நின்று.

"வரட்டும்."

"வரட்டுமோ? பிள்ளையளின்ர சோதனை முடிஞ்ச நாளில இருந்து ஒரு ஃபோன் இல்லை. நாளைக்குக் கல்விக் கந்தோரால ஆக்கள் வருகினம் எண்டவுடன தம்பி வீடு ஞாபகம் வந்திட்டுது."

"இண்டைக்கு நீ வாயைத் திறக்காத."

"நான் ஏன் திறக்கிறன்? நீங்கள் நாளைக்குத் திறவுங்கோ. அது காணும்."

குகதாசன் கையிலிருந்த நெல்லைத் திரும்ப மூட்டைக்குள் போட்டான். ஆட்டக்காரி நெல். சிவந்த, தடித்த மணி. இந்த வருடம் நல்ல விதை கிடைத்திருந்தது. அதை நினைத்துச் சந்தோஷப்படத்தான் நேரம் கிடைக்கவில்லை.

நாளை வரப்போகிற ஆட்கள் எதற்காக வருகிறார்கள் என்று சொல்ல, சில வருடங்கள் பின்னால் போகவேண்டும்.

இந்த நாட்டில் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை எடுக்கும்போது ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்குவார்கள். யாழ்ப்பாணத்தில் மருத்துவம் கிடைக்க உயர்ந்த புள்ளி வேண்டும். கிளிநொச்சியில் அதைவிடக் குறைந்த புள்ளி போதும். சண்டையில் அழிந்த, பின்தங்கிய மாவட்டம் என்பதால் அப்படி. ஆனால் கடைசி மூன்று வருடமும் அந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும். குகதாசனின் தமக்கை லோகநாயகிக்கு இந்த விஷயம் தெரிந்த நாள், அவளுடைய மகள் யதுர்ஷிகாவின் தலைவிதி மட்டுமல்ல, தம்பியின் மகள் சாரங்காவின் தலைவிதியும் மாறிய நாள்.

அன்று லோகநாயகி பெரிய கேக் பெட்டியோடு வந்திருந்தாள்.

"தம்பி, நீ எனக்கு விலாசம் தா. நான் உன்ர பிள்ளைக்குப் படிப்புத் தாறன்," என்றாள்.

ஒப்பந்தம் எளிமையானது. யதுர்ஷிகாவின் பெயரை இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பதிவது. சாரங்காவின் பெயர் ஏற்கனவே அங்கேதான் இருந்தது. பெயர்கள் இங்கே இருக்க, பிள்ளைகள் இருவரும் யாழ்ப்பாணத்தில் லோகநாயகியின் வீட்டில் தங்கி, அங்கே பெயர்பெற்ற ரியூசன் மாஸ்ரர்மாரிடம் படிப்பது. பள்ளிக்கூடத்துக்கு எப்போதாவது ஒருநாள் ஆனையிறவு தாண்டி பஸ்ஸில் வந்து முகம் காட்டிவிட்டுப் போவது. பள்ளிக்கூடமும் கண்டும் காணாமல் இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு பேரின் பெறுபேறு வந்தால் அதற்கும் பெயர்தானே.

"இதில ஆருக்கு என்ன நட்டம், சொல்லு பாப்பம்?" என்று அப்போது கேட்டவர் லோகநாயகியின் கணவர் ராஜரத்தினம். வங்கியில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "பிள்ளைக்குச் செலவழிக்கிறதைச் செலவு எண்டு நினைக்கக் கூடாது, குகதாசன். அது முதலீடு. நீர் வயலுக்குப் பசளை போடுறீர்தானே? போட்டிட்டு அழுறீரோ?"

யாருக்கும் நட்டம் தெரியவில்லை. ஒன்றை மட்டும் எல்லோரும் கணக்கில் விட்டுவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்கப்போகிறார்கள் என்பதை.

வெட்டுப்புள்ளி வெளிவந்தபோது மாவட்டத்துக்கான கடைசி மருத்துவ இடம் யதுர்ஷிகாவுக்குக் கிடைத்தது. அவளுக்கு அடுத்ததாக நின்றவள் சாரங்கா. இருவருக்கும் இடையில் இருந்தது தசமத்துக்குப் பிறகு எங்கேயோ கிடந்த ஒரு சின்ன இலக்கம். சாரங்காவுக்கு விவசாய பீடம் கிடைத்தது.

அன்று அருந்ததி அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் ஃபோனை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் போனாள். வலயக் கல்வி அலுவலகத்துக்கு எடுத்து, யாழ்ப்பாணத்துப் பிள்ளையொன்று எங்கட மாவட்டத்தில களவாய் இடம் எடுத்திருக்கு என்று சொன்னாள். விலாசம் கேட்டார்கள். சொந்த வீட்டு விலாசத்தையே சொன்னாள். குகதாசனிடம் சொல்லவில்லை. அவளுடைய மனதில் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. சாரங்கா இந்த மண்ணின் பிள்ளை. சண்டைக்குள் இங்கிருந்து மூன்று வயதான அவளைத்தான் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்து இதே காணியில் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே அவளைத்தான் வளர்த்தாள். அப்படிப்பட்ட பிள்ளையை எந்தச் சட்டம் யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்று சொல்லும்? சட்டம் எங்கே பிறந்தாய் என்று கேட்காது, எங்கே இருந்து படித்தாய் என்று மட்டும்தான் கேட்கும் என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை.

வந்த கார் வாசல் படலையடியில் நின்றது. லோகநாயகி இறங்கி, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன புழுதியடா தம்பி. மனிசர் இருக்கிற இடமே?"

"நீங்கள் பிறந்த இடம்தான், மச்சாள்," என்றாள் அருந்ததி.

"அப்ப இவ்வளவு புழுதி இருக்கேல்ல."

"அப்ப காடு. அதைவிட இது பரவாயில்லை."

ராஜரத்தினம் காரின் பின்பக்கத்தைத் திறந்தார். இரண்டு சூட்கேஸ், ஒரு தலையணை, புத்தகக் கட்டு, பிளாஸ்ரிக் வாளிக்குள் ஒரு சோப்புப் பெட்டி, பற்தூரிகை. யதுர்ஷிகா கடைசியாக இறங்கினாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"இதென்ன, குடியிருக்கவோ வந்திருக்கிறியள்?" என்றாள் அருந்ததி.

"குடியிருந்த மாதிரிக் காட்ட," என்றாள் லோகநாயகி. "நாளைக்கு வாறவன் அறையைப் பாப்பான், அலுமாரியைப் பாப்பான். யது, அந்த ரெண்டு சட்டையையும் நனைச்சுக் கொடியில போடு. துணி காயிற வீட்டில ஆள் இருக்குதெண்டுதான் நினைப்பினம்."

யதுர்ஷிகா வாளியோடு கிணற்றடிக்குப் போனாள். சுத்தமாயிருந்த சட்டைகளை நனைத்துப் பிழிந்து சாரங்காவின் உடுப்புகளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். சாரங்கா யன்னலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் அந்த ஈரச் சட்டைகளில் புழுதி ஒட்டியது. அதுவும் நல்லதுதான். பார்க்க இந்த வீட்டுத் துணி போலவே ஆகிவிட்டன.

"தம்பி," என்றபடி லோகநாயகி கதிரையில் உட்கார்ந்தாள். "நாளைக்கு நீ ஒரு சொல்லுத்தான் சொல்லவேணும். ரெண்டு பேரும் இஞ்ச இருந்துதான் பள்ளிக்கூடம் போனவை எண்டு. அவ்வளவும்தான்."

அருந்ததிதான் கேட்டாள்.

"அவர் ஏன் பொய் சொல்லவேணும்?"

"அருந்ததி, நான் என்ர தம்பியோட கதைக்கிறன்."

"கதையுங்கோ. இது அவற்ற வீடு மட்டுமில்லை. என்ர பிள்ளையின்ர இடத்தை எடுத்தவைக்காக என்ர வீட்டில பொய் சொல்ல ஏலாது."

"உன்ர பிள்ளையின்ர இடமோ? பேரெழுதி வைச்சிருந்ததோ?"

"எங்கட மாவட்டத்தின்ர இடம். நாங்கள் பங்கருக்குள்ள கிடந்து, ஓடி, முள்ளுக்கம்பி முகாமுக்குள்ள கிடந்து, எல்லாம் இழந்துதான் பின்தங்கின ஆக்கள் எண்டு பேர் வாங்கினனாங்கள். அந்தப் பேர்தான் எங்களிட்ட மிஞ்சின ஒரே சொத்து. அதையும் நீங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து கார் பிடிச்சு வந்து எடுத்துக்கொண்டு போறியள்."

"உது என்ர அப்பா காடு வெட்டி எடுத்த காணி, விளங்குதோ? நெடுங்காய்ச்சலோட கோடாலி பிடிச்ச மனிசன். எனக்கு இதில ஒரு உரித்தும் இல்லையோ?"

"உங்கட உரித்தைக் கழுத்திலயும் கையிலயும் போட்டுக்கொண்டுதானே கலியாணம் கட்டிப் போனனீங்கள்."

"இஞ்ச பார் இவளின்ர வாயை! உந்த லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஆற்ற காசில வந்தது? உன்ர பெட்டைக்கு மூண்டு வருஷம் சோறு போட்டது ஆர்?"

"சும்மாவோ போட்டனீங்கள்? கூட்டிக் கழுவி, கோப்பை விளக்கித்தானே தின்டவள்."

"காணும், நிப்பாட்டுங்கோ," என்றார் ராஜரத்தினம். அவருடைய குரல் எப்போதும் உயராது. கடன் இல்லையென்று சொல்லும்போதும் அப்படித்தான் சொல்லியிருப்பார். "அருந்ததி, நீர் கோவத்தில ஒண்டை யோசிக்கேல்ல. நாளைக்கு வாற மனிசன் யது இஞ்ச இருந்தவளோ எண்டு கேட்டு நீங்கள் இல்லை எண்டு சொன்னால், அடுத்த கேள்வி என்ன? அப்ப எங்க இருந்தவள்? யாழ்ப்பாணத்தில, எங்கட வீட்டில. அங்க வேற ஆர் இருந்தது?"

அருந்ததி அவரைப் பார்த்தாள்.

"பள்ளிக்கூட வரவில ரெண்டு பேருக்கும் ஒரே நாளிலதான் அடையாளம் இருக்கு. ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில வந்து ஒரே பஸ்ஸில போனவை. யது யாழ்ப்பாணத்தில படிச்சவள் எண்டால் சாரங்காவும் யாழ்ப்பாணத்தில படிச்சவள். ரெண்டு பேரையும் யாழ்ப்பாணக் கணக்கில போடுவாங்கள். அந்தக் கணக்கில யதுவுக்கும் ஒண்டும் இல்லை. உங்கட பிள்ளைக்கு விவசாயமும் இல்லை."

"சாரங்கா இஞ்ச பிறந்தவள்."

"பிறந்த இடத்துக்குப் புள்ளி இல்லை, அருந்ததி."

அருந்ததியின் கண் தட்டில் கிடந்த ஃபோனுக்குப் போய்த் திரும்பியது. லோகநாயகி அதைக் கவனித்துவிட்டாள். மெல்லச் சிரித்தாள்.

"ஆர் ஃபோன் எடுத்தது எண்டு இப்ப எனக்கு விளங்குது. நல்ல வடிவா எடுத்திருக்கிறாய், மோளே. வீட்டுக்கு நெருப்பு வைக்கேக்க உள்ளுக்க உன்ர பிள்ளை படுத்திருக்குதோ எண்டு பாக்கேல்ல."

குகதாசன் மனைவியைப் பார்த்தான். அவள் மறுத்துச் சொல்வாள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு எழுந்து சாறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு விதைநெல் மூட்டையடிக்குப் போனான். அவிழ்த்த மூட்டையைத் திரும்பக் கட்டினான்.

மத்தியானம் அருந்ததி சமைத்தாள். நாளை பொய் சொல்லத்தான் வேண்டும் என்பது அவளுக்குத் தெளிவாகிவிட்டது. தன் பிள்ளையின் சிறிய இடத்தைக் காப்பாற்ற, அவளுடைய பெரிய இடத்தை எடுத்தவளையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும். தேங்காயை அவள் துருவிய வேகத்தில் அலகு சிரட்டையையும் கீறியது. குளத்தில் பிடித்த ஜப்பான் மீன் என்ற திலாப்பியாவில் குழம்பு, முருங்கையிலை வறை, சிவப்பரிசிச் சோறு. வந்தவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறினாள்.

லோகநாயகி மீன் துண்டைத் தள்ளி வைத்தாள். "சேத்து மணம்."

"குளத்து மீன் அப்பிடித்தான்."

"அங்க பிள்ளையளுக்கு விளைமீன், பாரை எண்டு பாத்துப் பாத்துக் குடுத்தனான். மூளைக்கு நல்லது."

"அதுதான் பாருங்கோ, உங்கட மகளின்ர மூளை தசமத்துக்குப் பிறகும் வளந்திருக்கு."

ராஜரத்தினம் புரைக்கேறும்வரை சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அறைக்குள் யதுர்ஷிகா மேசையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சாரங்கா கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தாள்.

"இந்தப் பக்கம் என்ர," என்றாள் சாரங்கா.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுத்துக்கொள்."

"உங்கட வீட்டில எனக்கு மேசையே இல்லை. யன்னல் படியில வைச்சுத்தான் எழுதினனான். அப்ப ஆர் பொறுத்தது?"

யதுர்ஷிகா திரும்பினாள். அவள் பொல்லாத பிள்ளை இல்லை. எதையும் நேராகச் சொல்லிப் பழகியவள். யாரும் அவளுக்குத் திருப்பிச் சொல்லிப் பழக்கமில்லை.

"மாமி ஃபோன் எடுத்தவா எண்டு எனக்குக் கோவம் இல்லை. என்ர அம்மாவும் எடுத்திருப்பா. ஆனா என்ர அம்மா முதல் சட்டத்தை வாசிச்சிட்டு எடுத்திருப்பா."

"கெமிஸ்ற்றி உனக்கு நான்தான் சொல்லித் தந்தனான்."

"ஓம். பயோ உனக்கு நான் சொல்லித் தந்தனான். ரெண்டு பேரும் குடுத்தம், ரெண்டு பேரும் எடுத்தம். பிறகு மாக்ஸ் போட்டது அவங்கள். அதுக்கு நான் என்ன செய்ய?"

"போகாமல் விடலாம்."

"நீ விடுவியோ?"

யதுர்ஷிகா கடைசிப் புத்தகத்தை வைத்துத் தூசி தட்டினாள்.

"அக்ரியும் நல்லதுதானே, சாரு. படிச்சிட்டு வந்து மாமாவுக்கு உதவியா இருக்கலாம். நான் டொக்டரா வந்தால் உங்களையெல்லாம் சும்மா பாப்பன். காசு எடுக்க மாட்டன்."

அவள் அதை நட்பாகத்தான் சொன்னாள். அதுதான் சாரங்காவுக்குத் தாங்கவில்லை. யாழ்ப்பாணத்து வீட்டில் யாராவது விருந்தாளி வந்தால் லோகநாயகி மாமி அவளைக் காட்டி, "தம்பியின்ர பிள்ளை. வன்னியில சரியான கஷ்டம். நாங்கள்தான் வைச்சுப் பாக்கிறம்," என்பாள். வந்தவர்கள் அவளைப் பாவமாகப் பார்த்துவிட்டு, அவள் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடிப்பார்கள். அந்தக் கண்கள்தான் இப்போது யதுர்ஷிகாவின் முகத்தில் இருந்தன. இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தான் இருக்கும் என்று சாரங்காவுக்குத் தோன்றியது. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒருத்தி, வரிசையில் நிற்காமல் அவளை உள்ளே கூப்பிடுவாள். அவள் போவாள். நன்றி சொல்வாள்.

மறுநாள் காலையில், இரவு தங்கிய லோகநாயகி குடும்பமும் காத்திருக்க, வலயக் கல்விக் கந்தோர்க்காரர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் கிராம சேவகர். கந்தோர்க்காரர் ஹெல்மெட்டைக் கழற்றியபோது கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளையாக, மற்ற முகமெல்லாம் புழுதியாக இருந்தது. அருந்ததி முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தாள்.

"இந்த றோட்டைப் போடமாட்டினமோ?" என்றார் அவர்.

"வருஷா வருஷம் போடுகினம், சேர். கடதாசியில," என்றார் கிராம சேவகர்.

கந்தோர்க்காரருக்கு அந்த வேலையில் பிரியமில்லை என்பது பார்க்கவே தெரிந்தது. அறையை எட்டிப் பார்த்தார். மேசையில் இரண்டு பேரின் புத்தகம். அலுமாரியில் இரண்டு பேரின் உடுப்பு. கொடியில் துணி. தலையாட்டினார். மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்து, பேனையைத் திறந்தார்.

"ஐயா, இந்த ரெண்டு பிள்ளையளும் உங்கட வீட்டில இருந்துதான் பள்ளிக்கூடம் போனவையோ?"

குகதாசன் உள்ளங்கையைச் சாறத்தில் துடைத்தான். "ஓம் சேர். இஞ்சதான்."

"மூண்டு வருஷமும்?"

"ஓம்."

"அம்மா?"

அருந்ததி தேத்தண்ணித் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஓம் சேர். என்ர பிள்ளைக்கு என்ன குடுத்தனோ அதுதான் அவளுக்கும் குடுத்தனான்."

லோகநாயகி தலை குனிந்து வளையலைச் சரிசெய்தாள்.

"நீங்கள் பிள்ளை?"

"ஓம் சேர். மாமா வீட்டிலதான். சைக்கிளில போய் வந்தனான்," என்றாள் யதுர்ஷிகா.

அவர் எழுதினார். பேனையை மூடும்போது, மூடவேண்டும் என்பதற்காகவே கேட்பதுபோல, சாரங்காவைப் பார்த்துக் கேட்டார்.

"நீங்களும் அப்பிடித்தானே?"

"இல்லை," என்றாள் சாரங்கா.

ஒரு மைனா மாமரத்தில் கத்தியது. கிராம சேவகர் கோப்பையை வாயருகே பிடித்தபடி நின்றுவிட்டார்.

"என்ன இல்லை?"

"நாங்கள் ரெண்டு பேரும் இஞ்ச இருக்கேல்ல, சேர். யாழ்ப்பாணத்தில மாமி வீட்டில இருந்தனாங்கள். ரியூசனுக்குப் போனனாங்கள். பள்ளிக்கூடத்துக்கு இடைக்கிடை வந்து முகத்தைக் காட்டினனாங்கள்."

"அவளுக்கு மூளை பிசகிப்போச்சு, சேர்," என்று லோகநாயகி எழுந்தாள். "மெடிசின் கிடைக்கேல்ல எண்ட ஏக்கம். சாப்பிடுறதும் இல்லையாம்."

"சாப்பிடுறன்," என்றாள் சாரங்கா.

"வாயை மூடடி!" அருந்ததி தட்டத்தை நிலத்தில் வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

கந்தோர்க்காரர் பேனையைத் திறக்கவில்லை. அவர் சாரங்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, நான் இந்தத் தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சிட்டுத் திரும்பக் கேக்கிறன். யோசிச்சுச் சொல்லுங்கோ."

அவர் மிக மெதுவாகக் குடித்தார். சூடு இல்லாத தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். ராஜரத்தினம் சாரங்காவின் பக்கத்தில் வந்து, வாடிக்கையாளரோடு கதைப்பதுபோலக் குனிந்து கதைத்தார்.

"மோளே, இத்தனை வருஷம் உன்னில போட்டதையும் சேர்த்து எரிக்கிறாய். விளங்குதோ?"

"போட்டது நீங்கள்தானே, மாமா. எரியட்டும்."

"கொப்பாவைப் பார். அந்த மனிசனை நினை."

சாரங்கா தகப்பனைப் பார்த்தாள். குகதாசன் வயல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். மேற்கே முகில் கறுத்திருந்தது. விதைக்க இன்னும் ஒருநாள்தான் இருக்கும்போலத் தெரிந்தது.

கோப்பை வெறுமையானது. கந்தோர்க்காரர் அதைக் கீழே வைத்தார்.

"இப்ப சொல்லுங்கோ."

"முதல் சொன்னதுதான், சேர்."

"இது உங்களுக்கும் சேர்த்துத்தான், தெரியுமோ? கிடைச்சதும் போகும்."

"தெரியும்."

"பிறகு ஏன்?"

"அவளுக்கு மட்டும் இருக்க வேண்டாம்."

அவர் பேனையைத் திறந்து எழுதி முடித்தார். போகும்போது அவர் குகதாசனிடம் மட்டும், "நான் பூசி மெழுகி எழுத ஏலாது ஐயா. கிராம சேவகரும் கேட்டுக்கொண்டு நிண்டவர்," என்றார். கிராம சேவகர் தான் அங்கே நின்றதற்காக வெட்கப்படுவதுபோல முதலே போய் மோட்டார் சைக்கிளடியில் நின்றார்.

லோகநாயகி கொடியிலிருந்த சட்டைகளை உருவினாள். ஒரு துணிக் கவ்வி தெறித்துப் புழுதிக்குள் விழுந்தது. சூட்கேஸ்கள், தலையணை, வாளி எல்லாம் திரும்பக் காருக்குள் போயின.

"இனி இந்தப் படலையை நான் மிதிச்சால் என்னை நாய் எண்டு கூப்பிடுங்கோ," என்றாள். "தம்பி, உன்ர செத்த வீட்டுக்கும் வரமாட்டன்."

"சரி அக்கா," என்றான் குகதாசன். அன்று காலையில் அவன் தானாகச் சொன்னது அது ஒன்றுதான்.

யதுர்ஷிகா அழவில்லை. காருக்குள் ஏறி, கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நேரே பார்த்தபடி இருந்தாள்.

புழுதி அடங்குவதற்கு முன் அருந்ததி வந்து மகளின் கன்னத்தில் அறைந்தாள். மற்றக் கன்னத்திலும் அறைந்தாள்.

"நீ எனக்குப் பிறந்தனியோடி?"

"உங்களுக்குத்தான். முதல் ஃபோன் எடுத்தது ஆர்?"

அருந்ததியின் கை மூன்றாவது முறை உயர்ந்து அப்படியே நின்றது. பிறகு அவள் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

குகதாசன் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வயலுக்கு நடந்தான். சாரங்கா பனையோலைக் கடகங்கள் இரண்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். படிக்கிற பிள்ளை என்று அவளை ஒருநாளும் விதைப்புக்கு விட்டதில்லை. அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுடைய கடகத்துக்குள்ளும் நெல்லைக் கொட்டினான். ஆளுக்கொரு பக்கம் வீசத் தொடங்கினார்கள்.

புழுதி கணுக்கால்வரை புதைத்தது. நெல் விழுந்த இடம் தெரியவில்லை. ஒரு வரம்பு முடிந்து திரும்பும்போது குகதாசன் கேட்டான்.

"திரும்ப எடுக்கலாமோ சோதனையை?"

"எடுக்கலாம்."

"இந்த முறை இஞ்ச இருந்து. ஒழுங்காப் பள்ளிக்கூடம் போய். ஒருத்தரும் ஒண்டும் சொல்ல ஏலாது."

"இஞ்ச பயோவுக்கு மாஸ்ரரே இல்லை, அப்பா. கெமிஸ்ற்றிக்கு வாறவர் கிழமையில ரெண்டு நாள். இஞ்ச இருந்து படிச்சால் அந்த மாக்ஸ் வராது."

"குறைஞ்ச மாக்ஸ் காணும்தானே எங்களுக்கு."

"அந்தக் குறைஞ்ச மாக்ஸும் வராது."

குகதாசன் குனிந்து மூட்டையிலிருந்து நெல்லை அள்ளினான். கடகத்தைத் தூக்கிக்கொண்டு தன் பக்கத்துக்குப் போனான். லான்ட்மாஸ்டரை விற்றால் யாழ்ப்பாணத்தில் ஒரு வருடம் அறை எடுத்துக் கொடுக்கலாம். விற்றுவிட்டால் அடுத்த போகத்துக்கு உழவு எதனால்? கூலிக்கு உழுவித்தால் பசளை எதனால்? கேள்விகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக வந்தன. அவன் நெல்லை வீசிக்கொண்டே நடந்தான்.

சாரங்காவின் ஃபோன் அதிர்ந்தது. கார் ஆனையிறவைத் தாண்டியிருக்கும். யதுர்ஷிகாவிடமிருந்து ஒரு சொல்.

சந்தோஷமோ?

விரலெல்லாம் புழுதியாக இருந்தது. சட்டையில் துடைத்துவிட்டு எழுதினாள். ஓம்.

உண்மையாகவே அப்போது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எவ்வளவு நேரத்துக்கு இருக்கும் என்று தெரியவில்லை.

வெயில் ஏறியது. மேற்கு முகில் இன்னும் கிட்ட வரவில்லை. அருந்ததி தேத்தண்ணிப் போத்தலோடு வரம்பால் வந்தாள். ஒரு கோப்பைதான் கொண்டுவந்திருந்தாள். ஊற்றிக் குகதாசனிடம் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். கோப்பையை வாங்கிக் கவிழ்த்து, மிச்சத் துளியைப் புழுதியில் சிந்தினாள். பிறகு, மகள் நின்ற பக்கம் திரும்பாமலே, அவனிடம் சொன்னாள்.

"தலையில ஒரு துண்டைப் போடச் சொல்லுங்கோ. வெயில்."

சாரங்காவுக்கு அது கேட்டது. அவள் துண்டு போடவில்லை. கடகத்துக்குள் கையை விட்டு அடுத்த பிடி நெல்லை அள்ளினாள்.